ஆசிரியர் தராத மூலம்: 'சூப்பர் மாரியோ 64' மூலமீட்பு ஒரு பதிப்பு நோக்கு

ஒரு பாடம் நம் கைக்கு எவ்வழியாக வந்தது என்னும் வினா, சுவடிகளோடு பழகியோர்க்குப் புதியதன்று. அவ்வினாவை இலக்கியத்திற்குப் புறம்பான ஓரிடத்தில் எழுப்பிப் பார்க்க இக்கட்டுரை முற்படுகிறது. 1996ஆம் ஆண்டில் ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 'சூப்பர் மாரியோ 64' என்னும் நிகழ்பட விளையாட்டை வெளியிட்டது. அந்நிறுவனத்தோடு தொடர்பற்ற தன்னார்வலர் குழுவொன்று, அவ்விளையாட்டின் நிரலை விளையாட்டிலிருந்தே படித்தறிந்து 2019இல் பொதுவில் வைத்தது. இம்முயற்சியை ஒரு பதிப்புப் பணியாகக் கொண்டு அதன் நிறைகுறைகளை மதிப்பிடுவதே நம் நோக்கம். விளையாட்டுப் பொருளுக்கு இத்துணைக் கவனம் வேண்டுமா என ஐயுறுவோர் சற்றுப் பொறுத்தருள வேண்டுகிறோம்.

ஒரு விளையாட்டை ஆக்குவோர் அதனை மனிதர் படிக்கத்தக்க சி முதலிய மொழிகளில் எழுதுகின்றனர். இதுவே மூல நிரல். தொகுப்பி என்னும் மற்றொரு நிரல் இதனை இயந்திரம் மட்டுமே படிக்கத்தக்க எண்களாக மாற்றுகிறது. கடையில் விற்கப்படும் கார்ட்ரிட்ஜ் என்னும் பேழைக்குள் இருப்பவை இவ்வெண்களே. மாற்றத்தின்போது மாறிகளின் பெயர்கள், ஆசிரியர் தமக்கென எழுதிக்கொண்ட குறிப்புகள், பத்திப் பிரிவுகள் யாவும் உதிர்ந்துவிடுகின்றன. எஞ்சிய எண்களிலிருந்து பொறியின் உள்ளியக்கத்தைப் பின்னோக்கி அறியும் முயற்சியை மீள்பொறியியல் என்பர். அதனுள் மூல நிரலையே மறுபடி எழுதிக் காட்டும் பகுதியை இங்கு மூலமீட்பு எனக் குறிக்கிறோம்.

மாரியோ குழுவினர் மேற்கொண்ட அளவுகோல் மிகக் கடுமையானது. அவர்கள் எழுதிய சி நிரலை, நிண்டெண்டோ அக்காலத்தில் பயன்படுத்திய சிலிக்கான் கிராபிக்ஸ் நிறுவனத்தின் பழைய தொகுப்பியிலேயே இட்டு, வெளிவரும் கோப்பைக் கார்ட்ரிட்ஜில் உள்ளதோடு ஒப்பிட்டனர். 80 இலட்சத்திற்கும் மேற்பட்ட பைட்டுகளில் ஒன்று மாறினும் பணி நிறைவுற்றதாகக் கொள்வதில்லை. ஏறத்தாழ ஒத்திருத்தல் என்னும் சலுகைக்கு இங்கு இடமில்லை. நம் பதிப்பாசிரியர் எவர்க்கும் கிட்டாத ஒரு வாய்ப்பு இது. தாம் மீட்ட பாடம் சரியா என்பதைச் சுவடியே கூறிவிடுகிறது.

இப்பணிக்குப் பெரிதும் துணைநின்றது ஒரு தற்செயல். ஜப்பானிய, அமெரிக்கப் பதிப்புகளில் விளையாட்டு நிரலின் பெரும்பகுதி, தொகுப்பியின் செம்மையாக்க வசதி முடக்கப்பட்ட நிலையில் மாற்றப்பட்டிருந்தது. அதனால் ஆசிரியர் எழுதிய ஒவ்வொரு வரியின் சுவடும் இயந்திர எண்களில் வரிசை குலையாமல் பதிந்திருந்தது. 1997இல் வந்த ஐரோப்பியப் பதிப்பிலும், அதே ஆண்டில் ஜப்பானில் வந்த அதிர்வு வசதியுடைய 'ஷிண்டோ' பதிப்பிலும் செம்மையாக்கம் செயற்பட்டது. வரிகள் தம்முள் கலந்து உருமாறின. தெளிவான முற்படியைக் கொண்டு கலங்கிய பிற்படிகளைப் படிக்கும் வழி இங்கும் கைகொடுத்தது எனலாம். இறுதியில் இப்பாடங்கள் ஒரே நிரலுக்குள், வேறுபடும் இடங்கள் சுட்டப்பட்டு அமைந்துள்ளன.

இப்பதிப்பின் தலையாய சிறப்பு, பிழைகளைத் திருத்தாது காத்தமையே. விளையாட்டில் மாரியோ நெடுந்தாவல் தாவும்போது அவனது முன்னோக்கு வேகம் ஒன்றரை மடங்காக்கப்படுகிறது; விளைவு 48ஐ விஞ்சினால் 48ஆகக் குறைக்கப்படுகிறது. பின்னோக்கிச் செல்லும் வேகம் நிரலில் எதிர்ம எண்ணாக நிற்கும். அதற்கு எல்லை வகுக்க ஆசிரியர் மறந்துவிட்டார். எதிர்ம எண் 48ஐ ஒருபோதும் விஞ்சாது அல்லவா? ஆகவே எதிர்ம 20 அடுத்த தாவலில் 30 ஆகும். பின் 45, பின் 67.5 எனப் பெருகிக்கொண்டே போகும். 70 நட்சத்திரங்களை ஈட்டாதவர் ஏறி முடிக்க இயலாதபடி அமைந்த முடிவிலாப் படிக்கட்டை, ஆட்டக்காரர்கள் பின்புறமாகத் தாவித் தாவிக் கடந்த விந்தையின் காரணம் இதுவே. அவர்கள் இதனை மூலமீட்புக்கு நெடுங்காலம் முன்பே பட்டறிவால் கண்டிருந்தனர். மீட்கப்பட்ட நிரலோ அவ்விந்தை முழுவதையும் ஒரே ஒப்பீட்டு வரிக்குள் அடக்கிக் காட்டியது. ஷிண்டோ பதிப்பில் நிண்டெண்டோவே இதனைத் திருத்திக்கொண்டது. பதிப்பாளர்கள் இரு பாடங்களையும் வைத்து, முற்பாடத்தின் பிழையைக் குறிப்புரையில் சுட்டிச் சென்றுள்ளனர்.

மற்றொரு சான்றும் கருதத்தக்கது. மாரியோ நிற்கும் இடம் பின்னங்களை ஏற்கும் எண்ணாக நினைவகத்தில் உள்ளது. காலடியில் தரை உண்டா எனத் தேடும் செயற்கூறோ அதனை 16 இருமங்கள் கொண்ட முழு எண்ணாகச் சுருக்கிவிடுகிறது. 65,536 அலகுகளுக்கு ஒருமுறை இவ்வெண் சுழன்று பழைய இடத்திற்கே திரும்புவதால், கண்ணுக்குப் புலனாகாத, ஆயினும் காலூன்றத்தக்க தரைப்படிகள் வெளியெங்கும் மீண்டும் மீண்டும் விரிகின்றன. இவற்றை ஆட்டக்காரர்கள் இணை உலகங்கள் என்கின்றனர். பதிப்பாளர் இச்சுருக்கத்தைச் 'சரிசெய்திருந்தால்' அவ்வுலகங்கள் மறைந்திருக்கும், பைட்டும் பொருந்தியிராது. அளவுகோலின் கடுமையே இங்குப் பாடத்திற்குக் காவலாயிற்று.

எனினும் இவ்வளவுகோல் எட்டாத பகுதி ஒன்றுண்டு. பெயர்களையும் குறிப்புரைகளையும் தொகுப்பி நீக்கிவிடுவதால், அவற்றில் எதை எழுதினும் பைட்டுகள் மாறுவதில்லை. ஒரு செயற்கூறுக்குத் 'தரை தேடல்' எனப் பெயரிட்டாலும் 'மழை பெய்தல்' எனப் பெயரிட்டாலும் கோப்பு பொருந்தியே தீரும். அஃதாவது, நிரல் மூலத்திற்கு நிகரானது என்பது மெய்ப்பிக்கப்பட்டதே. அதன் பொருள் இன்னதென்பது பதிப்பாளரின் உரை மட்டுமே. இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைத்து, மூலமே மீண்டுவிட்டதென ஆர்வலர் பேசுவதை நாம் ஏற்பதற்கில்லை.

தொடக்கத்தில் பதிப்பாளர்கள் காட்டிய எச்சரிக்கை போற்றத்தக்கது. பொருள் விளங்காத மாறிக்கு 'அறியப்படாதது' என்னும் பொருள்படும் சுருக்கத்தையும் அதன் இருப்பிட எண்ணையும் சேர்த்துப் பெயராக்கினர். சிதைந்த அடியைப் புள்ளியிட்டுக் காட்டும் நம் பதிப்பு மரபை இது நினைவூட்டுகிறது. ஆயின் பணி வளர வளர, புள்ளிகள் இருந்த இடத்தில் ஊகப் பெயர்கள் அமர்ந்தன. அவற்றுட் பலவும் பொருத்தமானவையே. நம் குறை அவற்றின்மீதன்று. எது சான்றுடைய பெயர், எது ஊகப் பெயர் என்று வாசகர் பிரித்தறிய வழியில்லாமையே நம் குறை. விளையாட்டின் முகப்பில் மாரியோவின் முகத்தை இழுத்து நீட்டி மகிழும் காட்சி ஒன்று உண்டு. அப்பகுதியின் நிரலில், பிழை தேடுவதற்கென ஆசிரியர் இட்ட செய்திகள் நீக்கப்படாமல் எஞ்சிவிட்டன. அவற்றுள் செயற்கூறுகள் பலவற்றின் பெயர்களும் உள்ளன. அவ்வகையில் கிட்டிய பெயர் அகச்சான்றின்பாற்பட்டது. பிற பகுதிகளின் பெயர்களுட் பெரும்பாலானவை பதிப்பாளர் தந்தவை. பக்கத்தில் இரண்டும் ஒரே தோற்றத்தோடு நிற்கின்றன. உ.வே.சாமிநாதையர் 1894இல் வெளியிட்ட புறநானூற்றுப் பதிப்பைக் கையில் எடுப்பவர், எது சுவடிப் பாடம், எது பதிப்பாசிரியர் குறிப்பு என மயங்க வேண்டியதில்லை. அத்தகைய எல்லைக்கோடு இப்பதிப்பில் இல்லை.

போலிப் பொருத்தம் என மீட்பாளர்களே பெயரிட்டுள்ள ஒரு நோயும் உண்டு. தாம் எழுதிய நிரல் ஓரிரு பைட்டுகளில் வேறுபடும்போது, எப்போதும் உண்மையாகவே இருக்கும் நிபந்தனை ஒன்றை இட்டு அதன்கீழ் எதுவுமே செய்யாத வெற்று அடைப்பை வைப்பர். தொகுப்பி அதனால் வழி மாறி வேண்டிய எண்களைத் தந்துவிடும். பொருளற்ற வரி, பொருந்திய கோப்பு! யாப்பு நிறைவதற்காக அசைநிலை சேர்க்கும் புலவரை நம் மாணவர் இங்கு நினைவுகூரலாம். இத்தகைய வரிகளைக் குழுவினர் தம்முள் இகழ்ந்துரைப்பதும், நல்ல வரி கிட்டியதும் மாற்றிவிடுவதும் அவர்களது நேர்மைக்குச் சான்று.

நேர்மை என்னும் சொல் நம்மை வழி பற்றிய வினாவுக்குக் கொணர்கிறது. அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் 1992ஆம் ஆண்டில் வழங்கிய இரு தீர்ப்புகளை அருகருகே வைத்துப் பார்த்தல் பயன்தரும். அக்கொலேட் என்னும் நிறுவனம், செகாவின் ஜெனிசிஸ் கருவி ஒன்றையும் மூன்று கார்ட்ரிட்ஜ்களையும் பெற்று, அவற்றின் எண்களைப் பிரித்துப் படித்தது. கருவியோடு இணங்குவதற்கான நெறிகளை மட்டும் தொகுத்து, செகாவின் நிரல் ஒரு வரியும் இடம்பெறாத கையேடு ஒன்றை ஆக்கியது. அதைக் கொண்டே தன் விளையாட்டுகளை எழுதியது. செகா பின்னர்க் கொணர்ந்த கருவி அவற்றை ஏற்க மறுத்தபோது, மீண்டும் படித்து, கருவி தேடும் 20 முதல் 25 பைட்டு அளவிலான பூட்டுப் பகுதியைக் கண்டறிந்தது. உள்ளிருக்கும் கருத்தையும் செயற்பாட்டையும் அறிய வேறு வழியில்லாதபோது, தக்க காரணத்தோடு அவ்வாறு பிரித்துப் படித்தல் நியாயமான பயன்பாடே என ஒன்பதாம் வட்டார நீதிமன்றம் கூறிற்று.

அட்டாரி கேம்ஸ் நிறுவனமும் அவ்வழியில்தான் தொடங்கியது. நிண்டெண்டோவின் பூட்டுச் சில்லை வேதிப்பொருளால் அடுக்கடுக்காக உரித்து நுண்ணோக்கியில் ஆராய்ந்தது, முழுதும் விளங்கவில்லை. உடனே 1988இல், நடைபெறாத ஒரு வழக்கில் தாம் பிரதிவாதி எனப் பொய்யுரைத்து, காப்புரிமை அலுவலகத்தில் வைக்கப்பட்டிருந்த மூல நிரலின் படியைப் பெற்றது. மீள்பொறியியல் நியாயமானதே என ஏற்ற நீதிமன்றம், பொய்யால் பெற்ற படிக்கு அந்நியாயம் பொருந்தாதென மறுத்துவிட்டது. அட்டாரியின் நிரலில், பூட்டைத் திறக்கத் தேவையே இல்லாத கூறுகள் சிலவும் நிண்டெண்டோவின் நிரலில் உள்ளவாறே காணப்பட்டன. படியெடுத்தமைக்கு அதுவும் அடையாளமாகக் கொள்ளப்பட்டது. பொதுப்பிழைகளைக் கொண்டு சுவடிகளின் உறவைத் துணியும் பாடத்திறனாய்வாளர்க்கு இம்முறை அயலானதன்று.

இத்தீர்ப்புகள் மாரியோ மூலமீட்புக்கும் அரணாகும் என்று கொள்ளுதல் தவறு. அக்கொலேட் ஆக்கியது விளக்கக் கையேடு. மாரியோ குழுவினர் பொதுவில் வைத்ததோ மீட்ட நிரல் முழுவதும். படங்களையும் இசையையும் அவர்கள் சேர்க்கவில்லை. வேண்டுவோர் தம்மிடமுள்ள படியிலிருந்தே அவற்றை எடுத்துக்கொள்ள வேண்டும். ஆயினும் 2020 மே மாதத்தில், பிறர் அந்நிரலைக் கொண்டு படங்களோடும் இசையோடும் கணினியில் நேரே இயங்கும் வடிவமொன்றைப் பரப்பியபோது நிண்டெண்டோ அதனை நீக்கச் செய்தது. சட்டத்தின் இறுதிச் சொல் இதில் இன்னும் கூறப்படவில்லை.

அதே ஆண்டு சூலையில் நிண்டெண்டோவின் அகக் கோப்புகள் களவில் வெளியாயின. மாரியோ 64 தொடர்பான நிரல்களும் அவற்றுள் இருந்தன. மீட்பாளர் ஊகித்த பெயர்களுக்கு எதிரே ஆசிரியர் இட்ட பெயர்களை வைத்துப் பார்க்க அவை இடந்தரும். 2021 நவம்பரில் 'செல்டா: ஒக்கரினா ஆஃப் டைம்' விளையாட்டின் மீட்பை நிறைவு செய்த குழு, அக்கோப்புகளைத் தாம் பயன்படுத்துவதில்லை என வெளிப்படையாகக் கூறியுள்ளது. அட்டாரி சென்ற வழியில் செல்ல மறுக்கும் இம்முடிவு சரியானதே எனக் கருதுகிறோம். ஆனால் அவ்வாறு மறுப்போர்க்குத் தம் ஊகங்களைச் சரிபார்க்கும் வாயில் என்றென்றும் அடைபட்டுவிடுகிறது. ஊகம் ஊகமாகவே நிற்கும். அதனாலேயே, எப்பெயர் நிரலுக்குள்ளிருந்து வந்தது, எப்பெயர் தாம் இட்டது என்னும் குறியீட்டை மாரியோ பதிப்பாளர்களும் அவர்தம் வழிவருவோரும் ஒவ்வொரு செயற்கூறின் தலைப்பிலும் சேர்த்தல் வேண்டும் என்கிறோம். அதனால் ஒரு பைட்டும் மாறாது.