இங்கிலாந்தின் ஆறாம் ஆண்டு: பரீட்சைக்குப் பின் வரும் பாடம்

ஈஸ்டர் விடுமுறை முடிந்து இங்கிலாந்தின் ஆரம்பப் பாடசாலைகள் திறந்ததும், ஆறாம் ஆண்டுப் பெற்றோருக்கு ஒரு கடிதம் வரும். இந்தத் தவணையில் பிள்ளைகள் என்ன படிப்பார்கள், என்ன செய்வார்கள் என்று அதில் விவரம் இருக்கும். கவனித்து வாசித்தால் இரண்டு பாடசாலைகள் பாதிப் பாதியாக எழுதியதோ என்று சந்தேகம் வரும். மே நடுப்பகுதி வரை மீட்டல், மாதிரித் தாள்கள், மணியடிக்குமுன் ‘பூஸ்டர்’ வகுப்பு. அதற்குப் பின் மேடை நாடகம், சைக்கிள் பயிற்சி, முகாம், பருவமடைதல் பற்றிய பாடம், போகப்போகும் பாடசாலையில் ஒரு நாள், பிரியாவிடை. பத்து, பதினொரு வயதுப் பிள்ளை ஆரம்பக் கல்வியை முடிக்கும் இந்தத் தவணையில் எந்தப் பாதிக்கு மதிப்பு அதிகம்? முதற் பாதிக்குத்தான் என்பதுபோல எல்லோரும் நடந்துகொள்கிறார்கள். அது சரிதானா என்று பார்ப்போம்.

நடுவில் நிற்பது சாட்ஸ் எனப்படும் தேசியப் பரீட்சை. மே இரண்டாம் வாரத்தில், திங்கள் முதல் வியாழன் வரை நான்கு நாட்கள். திங்களன்று இலக்கணமும் எழுத்துக்கூட்டலும், செவ்வாயன்று வாசிப்பு, புதன், வியாழன் இரு நாளும் கணிதம். எல்லாத் தாள்களுக்கும் சேர்த்து 230 புள்ளிகள். எழுதும் நேரம் நான்கு மணித்தியாலத்துக்கும் குறைவு. கிடைத்த புள்ளியை 80 முதல் 120 வரையான ஓர் அளவுகோலுக்கு மாற்றுவார்கள். 100 எடுத்தால் எதிர்பார்த்த தரம். கட்டுரை எழுதும் திறனுக்குத் தாள் இல்லை. அதை வகுப்பாசிரியரே ஆண்டு முழுவதும் பார்த்து மதிப்பிடுவார். வாசிப்பு, எழுத்து, கணிதம் மூன்றிலும் தரத்தை எட்டியவர்கள் 2019இல் 65 சதவீதம், 2025இல் 62 சதவீதம்.

இந்தப் பரீட்சையால் ஒரு பிள்ளைக்கு என்ன தீர்மானமாகிறது? ஏறக்குறைய ஒன்றுமில்லை. இடைநிலைப் பாடசாலைக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாள் அதற்கு முந்தைய அக்டோபர் 31. எந்தப் பாடசாலை கிடைத்தது என்பது மார்ச் முதலாம் தேதி தெரிந்துவிடும். சட்டன், கென்ட் போன்ற இடங்களின் கிராமர் பாடசாலைகளுக்கான லெவன் ப்ளஸ் தேர்வு செப்டம்பரிலேயே முடிந்துபோன கதை. மே மாதத்தில் பிள்ளை எழுதுவது எந்தக் கதவையும் திறப்பதுமில்லை, மூடுவதுமில்லை. இலங்கையின் ஐந்தாம் தர புலமைப்பரிசில் பரீட்சையை நினைவில் சுமந்து வந்த நம் பெற்றோர் பலர் இதையும் அதே தராசில் வைத்து, ஏப்ரல் விடுமுறையையும் ரியூஷனுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அங்கே அந்தப் பரீட்சை உண்மையாகவே பாடசாலையை மாற்றும். இங்கே மாற்றாது.

அப்படியானால் பரீட்சை யாருக்கு? பாடசாலைக்கு. முடிவுகள் பாடசாலைவாரியாக வெளியாகின்றன; பாடசாலைகளை ஆய்வுசெய்யும் அமைப்பான ஓஃப்ஸ்டெட்டின் ஆய்வாளர்கள் அவற்றைப் பார்க்கிறார்கள். வாசிப்பிலும் கணிதத்திலும் பிள்ளை பெற்ற புள்ளியைத் தொடக்கக் கோடாக வைத்து, ஐந்தாண்டுக்குப் பின் இடைநிலைக் கல்வியின் ஜீசிஎஸ்ஈ பரீட்சையில் அது எவ்வளவு முன்னேறியது என்று இடைநிலைப் பாடசாலையையும் அளக்கிறார்கள். 2020, 2021இல் கொரோனாவால் பரீட்சை நடக்கவில்லை. அதனால் அந்தப் பிள்ளைகள் ஜீசிஎஸ்ஈக்கு உரிய 2025, 2026ஆம் ஆண்டுகளுக்கு இந்த முன்னேற்றக் கணக்கே போட முடியாமற்போனது. இப்படிப் பொறுப்புக் கேட்பதைத் தவறென்று நான் சொல்லமாட்டேன். வறிய வட்டாரத்துப் பாடசாலையொன்று பிள்ளைகளை வாசிக்கத் தெரியாமலே அனுப்புகிறதா என்று தெரிந்துகொள்ள நாட்டுக்கு ஏதாவதொரு அளவு வேண்டும். அளவு எதை அளக்கிறது, அளப்பதற்காக எதைக் கொடுக்கிறோம் என்பதுதான் கேள்வி.

கணிதத்தில் எனக்குப் பெரிய குறை இல்லை. 2014இல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டம் ஆறாம் ஆண்டுக்குத் தாராளமாகவே கொடுக்கிறது: ஒரு கோடி வரையான எண்கள், நீள்வகுத்தல், பின்னங்களைப் பெருக்குதல், விகிதம், எளிய அட்சரகணிதம், முக்கோணத்தின் பரப்பு, கனவுருவின் கனவளவு, வட்டத்தின் ஆரையும் விட்டமும், சராசரி. இவற்றைத் தெரிந்துகொண்டு ஏழாம் ஆண்டுக்குப் போகும் பிள்ளை திணறாது. வினாத்தாளும் பெரும்பாலும் இவற்றையே நேராகக் கேட்கிறது. ஒரு முறைப்பாடு உண்டு. நீள்வகுத்தலில் விடை பிழைத்துவிட்டால், வழிக்கான புள்ளி நியம முறையில் செய்தவருக்கு மட்டுமே கிடைக்கும். தன் போக்கில் கழித்துக் கழித்து விடையை நெருங்கிய பிள்ளைக்கு, வகுத்தல் என்றால் என்ன என்று நன்றாகவே விளங்கியிருந்தாலும், சைபர். ஆனாலும் ஊரில் நீள்வகுத்தல் போட்டுத் தேய்ந்த தாத்தா, லண்டனில் பேரப்பிள்ளைக்கு உதவக்கூடிய ஒரே பாடம் இதுதான் என்பதால், அதிகம் குறை சொல்ல மனம் வரவில்லை.

வாசிப்புத் தாள் அவ்வளவு நேர்மையானதல்ல. ஒரு மணித்தியாலத்தில் மூன்று பகுதிகளை வாசித்து, கேள்விகளுக்கும் விடை எழுதவேண்டும். இதில் வாசிப்பின் ஆழத்தைவிட வேகம்தான் அதிகம் சோதிக்கப்படுகிறது. 2023ஆம் ஆண்டுத் தாள் பெரும் சர்ச்சையானது. பிள்ளைகள் அழுதார்கள், தலைமையாசிரியர்கள் பகிரங்கமாக எதிர்த்தார்கள். அந்த ஆண்டு 100 என்ற தரத்துக்கு 50இல் 24 புள்ளி போதுமாக இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு 29 தேவைப்பட்டது. தாள் கடினமானால் எல்லைக்கோடு இறங்கும். ஆகவே யாருக்கும் அநியாயம் இல்லை என்பது அதிகாரிகளின் வாதம். புள்ளிக்கணக்கில் அது சரி. தாளில் பாதியைத் தொடாமலே மணியடித்ததைப் பார்த்த பிள்ளைக்கு அந்தக் கணக்கை யார் விளக்குவது? இருந்தாலும், தெரியாத ஒரு பகுதியைக் கொடுத்து விளங்கியதா என்று கேட்பது நியாயமான சோதனையே. பகுதிகளைச் சுருக்கி நேரத்தைக் கூட்டினால் திருந்தக்கூடிய குறை இது.

திங்கட்கிழமைத் தாளுக்கு அப்படித் திருத்தமொன்றும் எனக்குத் தெரியவில்லை.

அது வந்த வழியைப் பார்த்தாலே கோளாறு புரியும். 2011இல் பியூ பிரபு தலைமையில் நடந்த மீளாய்வு, கட்டுரைத் திறனைப் பரீட்சைத் தாளில் நம்பகமாகத் திருத்த முடியாது, அதை ஆசிரியர் மதிப்பீட்டுக்கு விட்டுவிடலாம் என்றது. அந்த இடத்தில், சரி பிழை என்று தெளிவாகத் திருத்தக்கூடிய இலக்கணம், நிறுத்தக்குறி, எழுத்துக்கூட்டல் ஆகியவற்றுக்கு ஒரு தாள் வைக்கச் சொன்னது. 2013 முதல் அந்தத் தாள் நடக்கிறது. எழுத்தை அளப்பது கடினம் என்பதற்காக, அளக்க எளிதான வேறொன்றைக் கொண்டுவந்து எழுத்தின் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். விளைவு என்ன? இணைப்புச்சொல் எது, முன்னிடைச்சொல் எது, செயப்பாட்டு வாக்கியம் எது என்று பெயர் சூட்டத் தெரிந்த பிள்ளைக்குப் புள்ளி. நல்ல வாக்கியம் எழுதத் தெரிந்த பிள்ளை அந்தத் தாளில் அதைக் காட்ட இடமே இல்லை. 2016 மே மாதம் பிபிசி வானொலியில், அப்போதைய கல்வித்துறை இணையமைச்சர் நிக் கிப்பிடம் ஒரு வாக்கியத்தில் வரும் ‘ஆஃப்டர்’ என்ற சொல் எந்த வகை என்று கேட்டார்கள். அவர் சொன்ன விடை பிழை. அவரை நான் குறை சொல்லவில்லை. அந்த வகைப்பாடு தெரியாமலே ஒருவர் நன்றாக ஆங்கிலம் பேசி, எழுதி, அமைச்சராகவும் ஆகலாம் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

இலக்கணம் தெரிந்தால் எழுத்து மேம்படும் என்பது இத்தாளை ஆதரிப்போரின் நம்பிக்கை. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜும் யோர்க் பல்கலைக்கழகமும் இரண்டாம் ஆண்டு வகுப்புகளில் நடத்தி 2022இல் வெளியிட்ட ஆய்வில், தனியாக இலக்கணப் பாடம் பெற்ற பிள்ளைகளின் கதை எழுதும் திறனில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் தெரியவில்லை. அவர்கள் ஆறு, ஏழு வயதினர். பதினொரு வயதுக்கு அந்த முடிவை அப்படியே பொருத்த முடியாது. ஆனால் நிரூபிக்கவேண்டிய சுமை பரீட்சை வைத்தவர்கள் தலையில் இருக்கிறது. அவர்கள் இன்னும் நிரூபிக்கவில்லை. இதற்கிடையில் பரீட்சையின் நிழல் ஆசிரியரின் எழுத்து மதிப்பீட்டிலும் விழுகிறது. அரசு கொடுத்திருக்கும் மதிப்பீட்டுச் சட்டகத்தில் செயப்பாட்டு வினை, அரைப்புள்ளி எல்லாம் கேட்கப்படுகின்றன. எனவே ஆறாம் ஆண்டுக் கதைகளில் கதவுகள் திறக்கப்படுகின்றன, விளக்குகள் அணைக்கப்படுகின்றன. ஒருவரும் எழுந்துபோய் ஒரு கதவைத் திறப்பதில்லை.

இன்னொரு விந்தை. இந்த 70 புள்ளித் தாள், வாசிப்பு, எழுத்து, கணிதம் மூன்றையும் சேர்த்துச் சொல்லும் தலைப்புச் சதவீதத்தில் சேராது. இடைநிலைப் பாடசாலையின் முன்னேற்றக் கணக்கிலும் சேராது. 2017இலேயே நாடாளுமன்றக் கல்விக் குழு இதைக் கட்டாயமில்லாததாக்கச் சொன்னது, அரசு கேட்கவில்லை. 2025 நவம்பரில் வெளியான பெக்கி ஃபிரான்சிஸ் தலைமையிலான பாடத்திட்ட மீளாய்வு, சாட்ஸை வைத்துக்கொண்டு இலக்கணத் தாளை மட்டும் மாற்றியமைக்கப் பரிந்துரைத்தது. பிள்ளை இலக்கணத்தை எழுத்தில் எப்படிப் பயன்படுத்துகிறது என்று பார்க்கும் வினாக்கள் வேண்டும் என்கிறார்கள். பாதி தூரம் சரியான திசையில் வந்திருக்கிறார்கள்.

சாட்ஸை எதிர்ப்போர் பக்கமுள்ள ஒரு மிகையையும் மறுக்க வேண்டும். பரீட்சை பிள்ளைகளின் மனநலத்தைக் குலைக்கிறது என்பது எங்கும் கேட்கும் குற்றச்சாட்டு. கல்வி ஆய்வாளர் ஜோன் ஜெரிம் 2021இல் வெளியிட்ட ஆய்வு, இப்பரீட்சை உள்ள இங்கிலாந்தின் பிள்ளைகளை இல்லாத ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துப் பிள்ளைகளோடு ஒப்பிட்டது. மகிழ்ச்சியிலோ தன்மதிப்பிலோ சொல்லத்தக்க வேறுபாடு தென்படவில்லை. அது சராசரியைப் பற்றிய முடிவுதான். வயிற்றுவலி என்று படுத்துவிடும் பிள்ளை இல்லை என்று அர்த்தமில்லை. ஆனாலும் நான்கு நாள் பரீட்சை ஒரு தலைமுறையை நொறுக்குகிறது என்று பேசுவதற்கு அடிப்படை போதாது.

உண்மையான சேதம் அந்த நான்கு நாட்களுக்கு முன்னே, செப்டம்பரிலிருந்து நடக்கிறது. 2017இல் ஓஃப்ஸ்டெட்டே, சாட்ஸுக்கான தயாரிப்பால் ஆரம்பப் பாடசாலைகளில் பாடங்கள் குறுகுகின்றன என்று எச்சரித்தது. விஞ்ஞானத்துக்கான முழு நாட்டுப் பரீட்சை 2009க்குப் பின் இல்லை. அதனால் விஞ்ஞானம் பிற்பகலுக்குத் தள்ளப்பட்டு, பிற்பகலிலும் ஒரு மாதிரித் தாளுக்கு இடம்விடுகிறது. இத்தனைக்கும் ஆறாம் ஆண்டு விஞ்ஞானம்தான் அந்தப் பாடத்திட்டத்தின் சிறந்த பகுதி: இரத்தச் சுற்றோட்டம், ஒளி, மின்சுற்று, உயிர்களின் வகைப்பாடு, பரிணாமம். டார்வினையும் வாலஸையும் மேரி ஆனிங்கையும் பாடத்திட்டக் குறிப்பே பெயர்சொல்லிச் சுட்டுகிறது. ஏழைத் தச்சரின் மகளான ஆனிங், பன்னிரண்டு வயதளவில், தன் அண்ணனோடு சேர்ந்து லைம் ரீஜிஸ் கடற்கரைப் பாறையிலிருந்து இக்தியோசர் என்ற பழங்காலக் கடல் ஊர்வனவின் புதைபடிவத்தை வெளியே கொண்டுவந்தவள். பதினொரு வயதுப் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் எது? அதற்கு வாரங்கள் ஒதுக்கவேண்டிய இடத்தில் அரைப்புள்ளிப் பயிற்சி நடக்கிறது.

இனி மே மாதத்துக்குப் பின் வரும் பாதி. அரைத்தவணை விடுமுறை போக எட்டு, ஒன்பது வாரங்கள். பரீட்சை முடிந்தது, இனி விளையாட்டு என்று பெற்றோரும் நினைக்கிறார்கள், சில பாடசாலைகளும் நினைக்கின்றன. ஆனால் நாடகத்தில் இரண்டு பக்க வசனத்தை மனப்பாடம் செய்து, கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பேசுவது மொழிப்பாடமில்லாமல் வேறென்ன? போக்குவரத்து ஓடும் தெருவில் கையைக் காட்டிச் சைக்கிள் திருப்புவது, ஆரம்பப் பாடசாலை முடிவதற்குள் 25 மீட்டர் நீந்துவது, பெற்றோரில்லாமல் முகாமில் இரவு தங்குவது: ஏழாம் ஆண்டில் தனியாகப் பேருந்தேறும் பிள்ளைக்கு இவை அவசியம். நீச்சல் பாடத்திட்டத்திலேயே இருக்கும் சட்டப்பூர்வமான தேவை. அதற்கு யாரும் பூஸ்டர் வகுப்பு வைத்ததாக நான் கேள்விப்படவில்லை.

இந்தப் பாதியிலும் பிழை உண்டு. பருவமடைதல் பற்றிய பாடத்தைப் பல பாடசாலைகள் ஜூன், ஜூலை வரை இழுத்துவைக்கின்றன. சில சிறுமிகளுக்கு ஒன்பது, பத்து வயதிலேயே மாதவிடாய் தொடங்கிவிடுகிறது. அவர்களுக்கு இப்பாடம் காலம் கடந்து வருகிறது. உறவுகள் பற்றிய கல்வியும், பருவமடைதல் அடங்கிய சுகாதாரக் கல்வியும் 2020 முதல் கட்டாயம். ஆரம்பப் பாடசாலையில் பாலியல் கல்விப் பகுதியிலிருந்து மட்டும் பிள்ளையை விலக்கிக்கொள்ளப் பெற்றோருக்கு உரிமை உண்டு. நம் வீடுகளில் அந்த உரிமையைப் பயன்படுத்துவோர், வீட்டில் அதைப் பற்றி வாயே திறக்காதவர்களாகவும் இருந்துவிட்டால், அந்தப் பிள்ளைக்குச் சொல்லித்தர மிஞ்சுவது கைபேசிதான்.

எனவே என் தீர்ப்பு இது. கணிதத் தாள்கள் இருக்கட்டும். வாசிப்புத் தாள் சுருங்கட்டும். இலக்கணத் தாளை மாற்றியமைப்பதைவிட எடுத்துவிடுவதே மேல். எழுத்தை ஆசிரியர் மதிப்பிடட்டும், ஆனால் இலக்கண உறுப்புகளை எண்ணாமல் முழு ஆக்கத்தை வாசித்து. மே மாதத்துக்குப் பின் செய்பவற்றைப் பரிசாகக் கொடுக்காமல் செப்டம்பரிலிருந்தே பரப்பவேண்டும். அதற்கு அரசின் அனுமதி எதுவும் தேவையில்லை, தலைமையாசிரியரின் துணிவு போதும். மீளாய்வைத் தொடர்ந்து வரும் புதிய பாடத்திட்டம் 2028 செப்டம்பரில்தான் வகுப்புக்கு வரும் என்கிறது அரசு. அதுவரை இன்னும் பல ஆறாம் ஆண்டுகள் இப்படியே கடந்துபோகும்.

அடுத்த செப்டம்பரில் உங்கள் பிள்ளை ஆறாம் ஆண்டுக்குப் போகிறதென்றால், முதற் பெற்றோர் சந்திப்பிலேயே கேளுங்கள்: மே மாதத்துக்கு முன்பும் பிற்பகல்களில் விஞ்ஞானமும் வரலாறும் ஓவியமும் நடக்குமா? வகுப்பு எத்தனை புத்தகங்களை முதலிலிருந்து கடைசி வரை வாசிக்கும்? நீந்தத் தெரியாத பிள்ளைகளுக்கு என்ன ஏற்பாடு? ரியூஷனுக்குப் பணம் கட்டுவதை இந்தக் கேள்விகளுக்கு விடை கிடைத்த பின் யோசிக்கலாம்.