ப்ராபர்ட்டி யாருடையது?

சினிமாக்காரர்கள் காட்சிக்கு வேண்டிய சாமான்களை ‘ப்ராபர்ட்டி’ என்கிறார்கள். அந்தச் சொல்லுக்குச் சொத்து என்றும் பொருள் உண்டு என்பது படப்பிடிப்புத் தளத்தில் மறந்துபோகிறது. மீனவர் கதை எடுக்கக் கிளம்பும் மாணவர்களின் பட்டியலைப் பாருங்கள்: வலை, துடுப்பு, பனையோலைக் கூடை, குடிசை. எங்கே கிடைக்கும், எவ்வளவு ஆகும் என்று இரண்டே கேள்விகள். யாருடையது என்ற மூன்றாவது கேள்வி கிடையாது.

‘நாயகன்’ (1987) படத்துக்காகத் தோட்டா தரணி தாராவியைச் சென்னை வீனஸ் ஸ்டுடியோவில் கட்டி எழுப்பினார். மாணவப் படத்துக்கு அந்தப் பணம் ஏது? ஆகவே குப்பமே செட்டாகிவிடுகிறது. ‘சும்மா கெடக்குற வலைதானே, எடுத்து விரிச்சுக்கலாம்’ என்கிற பேச்சு அங்கிருந்துதான் வருகிறது.

பழவேற்காட்டில் வலை அப்படிச் சும்மா கிடப்பதில்லை. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுக்குப்பம் ஆகிய பட்டினவர் ஊர்களில் ஏரியின் இறால் பிடிக்கும் இடங்கள் ‘பாடு’ முறையில் பங்கிடப்பட்டு வந்துள்ளன. சீட்டுப் போட்டு முறை வரும். தலைக்கட்டாகச் சேர்க்கப்பட்ட ஆணுக்கே அந்த முறை. தன் முறை நாளில் ஒருவர் சுத்துவலையை ஒரு ஷாட்டுக்காகக் கரையில் போட்டுவைத்தால், இழந்த முறையை மறுநாள் போய்க் கேட்க முடியாது.

அதே ஏரியில் இருளர் பெண்கள் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, தண்ணீருக்குள் கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். பாட்டில் அவர்களுக்குப் பங்கில்லை. கலை இயக்கம் செய்கிற மாணவரோ வலையையும் பறியையும் ஒரே குடிசைச் சுவரில் அழகாக மாட்டிவிடுகிறார். சாதியும் பாலினமும் பிரித்துவைத்த இரண்டு உடைமைகள் ‘மீனவர் வாழ்க்கை’ என்கிற ஒற்றைக் கதையாடலுக்குள் கரைந்துபோகின்றன. கான்கிரீட் வீடும் ஃபைபர் படகும் ஃப்ரேமுக்கு வெளியே தள்ளப்படுகின்றன. வறுமை ஓலையில்தான் குடியிருக்க வேண்டும் என்பது நகரத்துக் கண் போட்ட சட்டம்.

ஊருக்குள் போய்ப் படமெடுக்கக் கூடாது என்று சொல்ல வரவில்லை. விஸ்கோந்தி ‘லா தெர்ரா த்ரேமா’வை (1948) சிசிலியின் மீனவ ஊரில், அந்த மக்களையே நடிக்கவைத்து எடுத்தார். வியாபாரிகளின் பிடியிலிருந்து விடுபட ஒரு குடும்பம் வீட்டை அடகு வைக்கிறது. புயலில் படகு சிதைகிறது, பிறகு வீடும் போகிறது. அங்கே வீடும் படகும் உடைமை உறவுகளாகவே திரையில் நிற்கின்றன.

பட்டியலில் இன்னொரு கட்டம் போடுங்கள்: யாருடையது, யாருக்கு மறுக்கப்பட்டது, எந்த நாளில் கேட்கக் கூடாது. அதை நிரப்பக் குப்பத்தில் சில நாள் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும். நிரப்பி முடிக்கும்போது, கையோடு கொண்டுபோன திரைக்கதை அப்படியே மிஞ்சாது. மிஞ்ச வேண்டியதில்லை.