அடிக்கோட்டின் அழகு

ஐபேடில் மென்பொருள் எழுதுகிறேன் என்று யாராவது சொன்னால் பழுத்த நிரலர்கள் முதலில் சிரிப்பார்கள். சிரிப்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆப்பிளின் எக்ஸ்கோடு அதில் ஓடாது. வெளியிலிருந்து நிரலை இறக்கித் தன் இயல்பை மாற்றிக்கொள்ளும் செயலிகளை ஆப் ஸ்டோர் விதிகள் பொதுவாக விடுவதில்லை. குழந்தைகளே நிரல் எழுதி விளையாடும் ஒரு பலகைக் கணினியை 1972-லேயே ஆலன் கே கற்பனை செய்திருந்தார். டைனபுக் என்று பெயரும் வைத்தார். அதை ஒத்த உருவம் கடைசியில் கடைக்கு வந்தது, கதவைச் சாத்திக்கொண்டு.

ஆகவே ஐபேட் ரசிகர்கள் வேறு வழியில் போனார்கள். வேலை முழுவதும் எங்கோ இருக்கும் லினக்ஸ் சர்வரில் நடக்கும். மடியில் ஒரு டெர்மினல் செயலி மட்டும். பிளிங்க், டெர்மியஸ் போன்றவை இதற்கே வந்தவை.

இந்த ஏற்பாட்டின் நுட்பம் மோஷ் என்ற தொலை டெர்மினல் மென்பொருள். 2012-ல் எம்.ஐ.டி.யில் கீத் வின்ஸ்டீனும் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த ஹரி பாலகிருஷ்ணனும் அதை வெளியிட்டார்கள். சர்வருக்குள் நுழைய வழக்கமான எஸ்எஸ்ஹெச் இணைப்பு டிசிபி நெறிமுறையை நம்பியது. வீட்டு வைஃபையிலிருந்து செல்பேசி வலைக்கு மாறினால் அறுந்துபோகும்; ஐபேட் செயலியைப் பின்னணியில் உறங்கவைத்தாலும் அதே கதிதான். மோஷ், தொடர் இணைப்பு தேவைப்படாத யுடிபியில் போகிறது. சர்வர், திரையின் இப்போதைய நிலையை மட்டும் அனுப்புகிறது. கடைசியாக நம்பகமான பொட்டலம் எந்த முகவரியிலிருந்து வந்ததோ அங்கேயே பதிலும் போகும். மூடிவைத்த பலகையை மறுநாள் வேறு ஊரில் திறந்தாலும் வேலை விட்ட இடத்தில் நிற்கும்.

இதைவிட நயமானது ஒன்று உண்டு. தட்டிய எழுத்தைச் சர்வர் ஒப்புக்கொள்ளும் முன்பே மோஷ் ஊகித்துக் காட்டிவிடும். இணைப்பு மந்தமாக இருந்தால் அந்த ஊகத்துக்குக் கீழே மெல்லிய அடிக்கோடு. பதில் வந்ததும் கோடு மறையும். கடவுச்சொல்லை உளறிவிடாதபடி, ஊகம் பலிக்கிறதா என்று பின்னணியில் சரிபார்த்த பிறகே காட்டத் தொடங்கும். மோஷை உருவாக்கியவர்கள் 3ஜி வலையில் செய்த சோதனையில், எஸ்எஸ்ஹெச்சில் விசைக்கு விடைகிடைக்கும் இடைநிலை நேரம் 503 மில்லிவினாடி. மோஷில் 5-க்கும் கீழே. வேகமாகவும் இருந்து, தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டாமலும் இருக்கும் மென்பொருள் அதிகமில்லை.

இத்தனை இருந்தும் கண்ணாடியில் நெளி அடைப்புக்குறி தட்டுவது தண்டனைதான். 2025-ல் கிளாட் கோடு, கோடெக்ஸ் போன்ற ஏஐ உதவியாளர்கள் டெர்மினலுக்குள்ளேயே குடியேறியதும் கணக்கு மாறியது. பிழையைச் சாதாரண வாக்கியத்தில் விவரித்தால் போதும், வாய்மொழியாகவும் சொல்லலாம். கோப்புகளைத் தேடித் திருத்திச் சோதனைகளை ஓட்டுவது உதவியாளரின் பாடு. டெர்மினல் அமர்வைச் சர்வரிலேயே உயிரோடு வைத்திருக்கும் டிமக்ஸுக்குள் ஓடவிட்டால் ஐபேடை மூடியபிறகும் வேலை தொடரும். மனிதருக்கு மிஞ்சுவது பெரும்பாலும் வாசிப்பு. செங்குத்தாகப் பிடித்த பலகை அதற்குத் தோதானது.

தட்டுவது குறைந்தாலும் ஒரு விசையின் மதிப்பு கூடியது. 2020-ல் வந்த மேஜிக் கீபோர்டில் எஸ்கேப் கிடையாது. ஐபேட் ப்ரோவுக்கான 2024 பதிப்பில்தான் முளைத்தது. அதுவரை கேப்ஸ் லாக்கை எஸ்கேப்பாக மாற்றிக்கொண்டார்கள். எஸ்கேப்பை அடிக்கடி தட்டவேண்டிய விம் எடிட்டர் பிரியர்களின் பழைய புலம்பல் இது. கிளாட் கோடில் தவறான பாதையில் ஓடும் உதவியாளரை நடுவில் நிறுத்துவதும் அதே விசைதான்.

குறை இல்லாமலில்லை. மோஷ் திரையை மட்டுமே அறியும், ஓடி மறைந்த வரிகளை வைத்திருக்காது. உதவியாளரோ வாயாடி. டிமக்ஸில் கண்ட்ரோல்-பி தட்டி, சதுர அடைப்புக்குறியால் பின்னோக்கிப் போய்ப் படிக்கலாம்; படிக்கச் சோம்பல்பட்டு ‘சரி’ என்று ஒப்புதல் தட்டிவிடும் ஆபத்து சின்னத் திரையில் அதிகம். தேர்ந்தவர்கள் உதவியாளரின் நீண்ட விளக்கவுரையை விட்டுவிட்டு, தனிக் கிளையில் சிறுசிறு மாற்றங்களாகக் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றையும், மாறியதைக் காட்டும் கிட் டிஃப்பில் வரி வரியாகப் பார்க்கிறார்கள்.