புள்ளிகளில் அடங்காத ஆறு

வேல்ஸில் பிளின்லிமன் மலையில் பிறக்கும் வை ஆறு, கடைசிக் கட்டத்தில் இங்கிலாந்து எல்லையை ஒட்டிச் சுண்ணாம்புப் பாறையை அறுத்துக்கொண்டு, காடு மூடிய பள்ளத்தாக்கு வழியே வளைந்து வளைந்து இறங்கி, செப்ஸ்டோ ஊரைத் தாண்டி செவர்ன் கழிமுகத்தில் கலக்கிறது. அந்தக் காட்டுக்குள் யாராவது ஒரு கையில் செல்போனுடன் மரவேர்ப் பொந்துக்குள் மறு கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தால் மிரள வேண்டாம். ஜியோகேச்சிங் ஆடுகிறார்.

ஆட்டம் எளிது. ஒருவர் ஒரு டப்பாவை ஒளித்துவைத்து, அதன் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் இணையத்தில் போடுவார். மற்றவர்கள் தேடிப் போய், உள்ளிருக்கும் தாளில் பெயர் எழுதிவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வருவார்கள். இந்தத் தேடலுக்கு வழிகாட்டும் ஜி.பி.எஸ். சிக்னலைப் பொதுமக்களுக்கு மட்டும் அமெரிக்க அரசு முன்பு வேண்டுமென்றே மழுங்கடித்து வைத்திருந்தது. நூறு மீட்டர்வரை பிசகும். 2000 மே மாதத் தொடக்கத்தில் அந்தத் தடை நீங்கியது. அடுத்த நாளே ஆரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் இந்த ஆட்டத்தின் முதல் டப்பாவாக ஒரு வாளியை ஒளித்துவைத்தார்.

ஒரு பள்ளத்தாக்கை அறிய இது நல்ல வழியா? வை ஆற்றங்கரையிலுள்ள டின்டர்ன் ஊரில் நின்று யோசிக்கலாம். பேருந்தில் வருபவர்கள் 1131-இல் எழுந்த மடத்தின் இடிபாட்டைப் படமெடுத்து, தேநீர் குடித்துக் கிளம்பிவிடுவார்கள். மடத்துக்கு எதிரே, அக்கரை மேட்டில் ‘சாத்தானின் பிரசங்க மேடை’ என்றொரு பாறை இருக்கிறது. அங்கே ஒரு டப்பா இருப்பதாக வைத்துக்கொள்வோம். திரை காட்டும் தூரம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்தான். ஆனால் நடுவில் ஆறு. கடல் ஏற்றம் இதுவரை வருவதால், நீர் வடியும் வேளையில் இரு கரையும் சேறு. ஒருகாலத்தில் கம்பி ஆலைக்கு ரயில் போன பழைய பாலத்தைத் தேடிப் பிடித்துக் கடந்து, மூச்சு வாங்க ஏற வேண்டும். இந்த ஊரில் கம்பி இழுத்தார்கள், ரயில் வந்தது, நின்றுபோனது என்பதெல்லாம் அந்த நடையில் தானாகத் தெரியவரும். செங்குத்துப் பாறைகளுக்கு நடுவே சிக்னல் எதிரொலித்துத் தடுமாறும்போது, கருவியை விட்டுவிட்டுத் தரையையும் மரத்தையும் பார்த்தே தேட வேண்டியிருக்கும். ஆட்டத்தின் பெரிய பலம் இதுதான்: குறுக்குவழி கொடுப்பதுபோலக் காட்டி, சுற்றுவழியில் நடக்கவைக்கிறது.

பலவீனமும் அங்கிருந்தே தொடங்குகிறது. டப்பா கிடைக்கிறது, ஈரம் ஏறி ஒட்டிப்போன தாளை நகத்தால் பிரித்துப் பெயர் எழுதியாகிறது. உடனே விரல் அடுத்த புள்ளிக்குப் போகிறது. டப்பாக்களுக்கு இடையே குறைந்தது 161 மீட்டர் இருக்க வேண்டும் என்பது விதி. எண்ணிக்கை மோகம் பிடித்தவர்களுக்கு அந்தத் தூரமே பாதையின் அளவுகோலாகிவிடுகிறது. பலரும் ஒரே மரத்தைத் தேடி வருவதால் புல் செத்துப் புதிய தடம் விழுகிறது. இதே பள்ளத்தாக்கின் சைமண்ட்ஸ் யாட் பாறைகளில் கூடு கட்டும் பொரி வல்லூறுக்கு ஆட்டக்காரரும் ஒன்றுதான், முட்டைத் திருடனும் ஒன்றுதான்.

இடத்தை விட்டுப் புள்ளியைப் பார்ப்பது செல்போன் கொண்டுவந்த நோய் என்று சொல்லிவிட முடியாது. 1770-இல் இதே ஆற்றில் படகில் போன பாதிரியார் வில்லியம் கில்பின், 1782-இல் வெளியிட்ட நூலில் எந்தக் காட்சி ஓவியத்துக்கு உகந்தது என்று தரம் பிரித்தார். அவருக்குப் பின் வந்த பயணிகள் ‘கிளாட் கண்ணாடி’ என்ற கருநிறக் குவியாடியை ஏந்தி, ஆற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, அதில் விழுந்த பிம்பத்தை ரசித்தார்கள். அன்று ஆடி, இன்று திரை.

இரண்டிலும் தெரியாமல் போவது தண்ணீர். வை ஆற்றின் படுகையில் சுமார் 2 கோடி கோழிகள் வளர்வதாக மதிப்பீடு. அவற்றின் எச்சம் வயலுக்கு உரமாகி, மழையில் கரைந்து, பாஸ்பேட்டாக ஆற்றில் சேர்கிறது. கோடையில் பாசி பெருகி நீர் பச்சையாகிறது, நீர்ச்செடிகள் மடிகின்றன. 2023-இல் நேச்சுரல் இங்கிலாந்து என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு ஆற்றின் நிலையை ‘மோசம், மேலும் சரிகிறது’ என்ற பட்டியலுக்கு இறக்கியது. கரையோரம் இருபது டப்பா எடுத்தவரும் இதை அறியாமலே வீடு திரும்பலாம்.

மருந்து ஆட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. 2004 முதல் ‘எர்த்கேச்’ என்றொரு வகை உண்டு. அதில் டப்பா கிடையாது. சொன்ன இடத்துக்குப் போய், பாறையையோ நீரோட்டத்தையோ பார்த்து, கேள்விக்குப் பதில் சொன்னால்தான் கணக்கில் சேரும். கூட்டைக் கலைக்காது, குப்பை சேர்க்காது, கண்ணுக்கும் வேலை கொடுக்கும். ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு ஏற்றது இந்த வகைதான். டப்பா ஆட்டம் வாசல்வரை கொண்டுவந்து விடும், அவ்வளவே. ஆகவே ஆற்றங்கரையில் ஒளித்துவைக்க இடம் தேடுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: டப்பாவை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பாறை வளைந்தது எப்படி என்று ஒரு கேள்வி வையுங்கள். இன்று தண்ணீர் என்ன நிறம் என்று இன்னொன்றும் சேருங்கள்.