கஜகஸ்தானின் எழுபது சதவீதம்

2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கஜகஸ்தானின் மக்கள்தொகை 1 கோடியே 92 லட்சம். அதில் கஜாக்குகள் 70.4 சதவீதம், ரஷ்யர்கள் 15.5 சதவீதம். 1959இல் இதே மண்ணில் கஜாக்குகள் 30 சதவீதமாகவும் ரஷ்யர்கள் 42.7 சதவீதமாகவும் இருந்தார்கள். அந்தத் தலைமுறைக் கஜாக் ஒருவர் தன் வாழ்நாளுக்குள்ளேயே சொந்த நாட்டில் சிறுபான்மையாகப் பிறந்து பெரும்பான்மையாக முதுமை எய்தியிருக்கிறார்.

இந்த மாற்றத்துக்கு மூன்று விளக்கங்கள் புழக்கத்தில் உள்ளன. ரஷ்யர்கள் திட்டமிட்டு வெளியேற்றப்பட்டார்கள் என்பது ரஷ்யத் தேசியவாதிகளின் வாதம். இழந்த இடத்தை மீட்டுக்கொண்டோம் என்கிறார்கள் கஜாக் தேசியவாதிகள். நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் இணக்கமாக வாழும் நாடு இது, எண்ணிக்கையைப் பற்றிக் கவலை வேண்டாம் என்கிறது அரசு. மூன்றையும் எண்களுக்கு முன்னால் நிறுத்திப் பார்ப்பதுதான் நேர்மையான வழி.

எந்த ஆண்டிலிருந்து எண்ணத் தொடங்குகிறோம் என்பதே தீர்ப்பைப் பாதி எழுதிவிடும். ரஷ்யத் தரப்பு 1989இல் தொடங்குகிறது. அன்று ரஷ்யர்கள் 62 லட்சம். இன்று 30 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. பாதிக்கு மேல் போய்விட்டது. கஜாக் தரப்பு 1926இல் தொடங்குகிறது. அன்று கஜாக்குகள் சுமார் 36 லட்சம், குடியரசின் மக்களில் பாதிக்கு மேல். 1939இல் அந்த எண் 23 லட்சம், பங்கு 38 சதவீதம். இரு தரப்பும் சொல்லும் எண்கள் உண்மையானவைதான். ஆனால் 1926க்கும் 1939க்கும் இடையில் நடந்ததைச் சொல்லாமல் 1989இலிருந்து பேசத் தொடங்குபவர் கதையின் முதல் அத்தியாயத்தைக் கிழித்துவிட்டுப் படிக்கிறார்.

அந்த அத்தியாயம் ஒரு பஞ்சம். 1928இல் வசதியுள்ள மேய்ப்பர்களின் கால்நடைகளைச் சோவியத் அரசு பறிமுதல் செய்யத் தொடங்கியது. குடியரசின் கட்சித் தலைவர் பிலிப் கோலோஷ்சியோகின். நாடோடிகளை ஓரிடத்தில் குடியமர்த்துவது, கூட்டுப் பண்ணையில் சேர்ப்பது, தானியத்திலும் இறைச்சியிலும் கட்டாய வசூல் வைப்பது என எல்லாம் ஒரே நேரத்தில் நடந்தன. பயிரே செய்யாத மேய்ப்பர் குடும்பத்தின் மீதும் தானிய வசூல் விழுந்தது. கொடுப்பதற்குத் தானியம் வாங்க ஆட்டை விற்றார்கள்; அடுத்த வசூலுக்கு மிச்ச ஆடும் போனது. புல்வெளியில் கால்நடை போனால் சொத்து மட்டும் போவதில்லை. பாலும் இறைச்சியும் போகும். கூடாரம் போர்த்தும் கம்பளிக்கு ஆட்டு மயிர் இருக்காது, குளிர்காலத்தில் எரிக்கச் சாணம் இருக்காது, தப்பிப் போக ஏறுவதற்குக் குதிரையோ ஒட்டகமோ இருக்காது. ஒவ்வொரு வழியாக அடைபட்டு அந்தக் குடும்பங்கள் இறந்தன. குடியரசின் கால்நடைகளில் பத்தில் ஒன்பது பங்கு அழிந்தது. 1930க்கும் 1933க்கும் இடையில் சுமார் 15 லட்சம் பேர் மாண்டார்கள். அவர்களில் 13 லட்சம் பேர் கஜாக்குகள் என்று வரலாற்றாசிரியர் சாரா கேமரன் மதிப்பிடுகிறார். அதாவது இனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். மேலும் பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் சீனாவுக்கும் அண்டைக் குடியரசுகளுக்கும் ஓடினார்கள். 1937இல் நடந்த கணக்கெடுப்பு இழப்பைக் காட்டியபோது ஸ்டாலின் அரசு அந்த முடிவுகளையே முடக்கியது. கணக்கெடுப்பை நடத்திய அதிகாரிகள் கைதானார்கள்.

ஆகவே வரிசை முக்கியம். குடியேறிகள் பெருகியதால் கஜாக்குகள் சிறுபான்மையானார்கள் என்று சொல்வதுண்டு. கணக்கு வேறு சொல்கிறது: குடியேறிகள் முன்பே வந்திருந்தாலும், கஜாக்குகளின் பெரும்பான்மை போனது பஞ்சத்தில்; அதன் பிறகு மற்றவர்களின் வரவு இன்னும் பெருகியது.

அப்படி வந்தவர்களில் பலர் விரும்பி வந்தவர்களும் அல்லர். 1937 இலையுதிர்காலத்தில் சோவியத் தூரக் கிழக்கிலிருந்து சுமார் 1,72,000 கொரியர்கள் சரக்கு ரயில்களில் ஏற்றப்பட்டு மத்திய ஆசியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் இறக்கிவிடப்பட்ட ஊர் உஷ்தோபே. பக்கத்துப் பாஸ்தோபே குன்றின் சரிவில் மண்ணைக் குடைந்து குழி வீடுகள் அமைத்து முதல் குளிர்காலத்தைக் கழித்தார்கள். அங்கே இன்றும் அவர்களுடைய கல்லறைகள் இருக்கின்றன. கிம்ச்சி என்ற கொரிய ஊறுகாய்க்கு வேண்டிய சீன முட்டைக்கோஸ் கிடைக்காததால் அதற்குப் பதில் கேரட்டைச் சீவிப் பூண்டும் காரமும் சேர்த்து ஊறவைத்தார்கள். இப்போது அல்மாட்டியின் சந்தையில் அதை எல்லா இனத்தவரும் வாங்கிப் போகிறார்கள். 1941இல் வோல்கா ஜெர்மானியர்கள், 1944 பிப்ரவரியில் செச்சென்களும் இங்குஷ்களும் இதே முறையில் வந்து சேர்ந்தார்கள். 1954இல் சோவியத் தலைவர் குருஷ்சேவ் தரிசு நிலங்களை உழவுக்குக் கொண்டுவரும் திட்டத்தைத் தொடங்கியதும் ரஷ்யாவிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் லட்சக்கணக்கானோர் வடக்கு மாவட்டங்களுக்கு வந்தார்கள். 1959இன் 30 சதவீதம் இப்படித்தான் உருவானது.

இந்தப் பின்னணியில் 2020 டிசம்பரில் ரஷ்ய நாடாளுமன்ற உறுப்பினர் வியாசெஸ்லாவ் நிகோனோவ் தொலைக்காட்சியில் சொன்னதை வைத்துப் பார்க்க வேண்டும். வடக்குக் கஜகஸ்தானில் முன்பு ஆளே வசிக்கவில்லை, அந்த நாட்டின் நிலம் ரஷ்யா கொடுத்த பெரும் பரிசு என்றார் அவர். பருவத்துக்குப் பருவம் மந்தையோடு இடம் மாறும் மக்களின் மேய்ச்சல் நிலத்தை ஆளில்லா நிலம் என்பது அறியாமை; பஞ்சத்துக்குப் பிறகும் அப்படிச் சொல்வது கொடுமை.

இனி ரஷ்யத் தரப்பின் முக்கியக் குற்றச்சாட்டு. 1989க்கும் 1999க்கும் இடையில் ரஷ்யர்கள் 62 லட்சத்திலிருந்து 45 லட்சமாகக் குறைந்தார்கள். ஜெர்மானியர்கள் 9,57,000இலிருந்து 3,53,000 ஆனார்கள். இது விரட்டலா? சட்டத்தைப் பார்த்தால் இல்லை. சுதந்திரம் பெற்றபோது நாட்டில் நிரந்தரமாகக் குடியிருந்த எல்லோருக்கும், இனம் பாராமல் மொழித் தேர்வு வைக்காமல், கஜகஸ்தான் குடியுரிமை தந்தது. எஸ்டோனியாவும் லாட்வியாவும் சோவியத் காலக் குடியேறிகளுக்கு அப்படித் தரவில்லை. 1995 அரசியல் சாசனத்தின் 7ஆம் பிரிவு அரசு அலுவலகங்களில் கஜாக் மொழியோடு ரஷ்ய மொழியையும் பயன்படுத்த இடம் கொடுத்தது. ஜெர்மானியர்கள் போனதற்கு முதற் காரணம் ஜெர்மனி அவர்களை வம்சாவளிப்படி ஏற்றுக்கொண்டதுதான். அந்தப் பத்தாண்டுகளில் ஆலைகளும் மூடின, சம்பளம் மாதக்கணக்கில் வரவில்லை. யாருக்கு வேறு ஒரு நாடு கதவைத் திறந்து வைத்திருந்ததோ அவர்கள் புறப்பட்டார்கள்.

ஆனால் அரசைக் குற்றமற்றது என்று விட்டுவிடவும் முடியாது. 1989இல் ரஷ்யர்களில் நூற்றில் ஒருவர்கூடக் கஜாக் மொழி தெரியும் என்று சொல்லவில்லை. அதே ஆண்டு கஜாக் அரசு மொழியானது. உயர் நிர்வாகப் பதவிகள் வேகமாகக் கஜாக்குகளின் கைக்கு வந்தன. தன் பிள்ளைக்கு இங்கே பதவியில் இடமிருக்குமா என்று ஒரு ரஷ்யத் தாய் யோசித்ததில் நியாயம் உண்டு. ஆகவே வெளியேற்றம் என்ற குற்றச்சாட்டு நிற்காது. வெளியேறத் தோன்றும் சூழலை அரசு தணிக்கவில்லை என்ற குற்றச்சாட்டு நிற்கும். அந்த மொழியறியாமைக்கு ரஷ்யர்களை மட்டும் குறை சொல்வதும் சரியல்ல. கஜாக் மொழி இல்லாமலே வாழ்நாள் முழுவதும் வாழலாம் என்று அவர்களுக்குக் காட்டியது சோவியத் ஆட்சி.

அடுத்து, மீட்டுக்கொண்டோம் என்ற வாதம். 1989இல் 65 லட்சமாக இருந்த கஜாக்குகள் 2021இல் 1 கோடியே 35 லட்சம். கூடியது 70 லட்சம். உஸ்பெகிஸ்தான், சீனா, மங்கோலியா முதலிய நாடுகளிலிருந்து அரசு வரவேற்றுக் கொண்டுவந்த கஜாக்குகள் 1991 முதல் மொத்தம் 11 லட்சத்துக்குச் சற்று மேல். அவர்களுக்கு இங்கே பிறந்த குழந்தைகளைத் தாராளமாகச் சேர்த்தாலும் வளர்ச்சியின் பெரும்பங்கு ஏற்கெனவே இங்கிருந்த குடும்பங்களில் பிறந்த பிள்ளைகள்தான். பெண் ஒருவருக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகள் 1999இல் 1.8, 2021இல் 3.3. ரஷ்யர்களில் இளம் குடும்பங்கள் முதலில் புறப்பட்டதால் மிஞ்சியவர்களின் வயது ஏறியது, பிறப்பைவிட இறப்பு மிகுந்தது. இந்தச் சதவீதத்தை உயர்த்தியவை தாய்மார்களும் வயது அமைப்பும் விசா வரிசைகளும். எந்தத் தலைவரும் இதைத் தன் சாதனை என்று உரிமை கொண்டாட முடியாது.

அரசின் திட்டமிடல் உண்மையில் எவ்வளவு சாதித்தது என்பதை வடக்கில் பார்க்கலாம். 1997இல் தலைநகரம் அல்மாட்டியிலிருந்து வடக்கே, இன்று அஸ்தானா எனப்படும் ஊருக்கு மாற்றப்பட்டது. பிரிவினைப் பயம் அதற்கு ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள்; வடக்கை ரஷ்யாவோடு சேர்க்க வேண்டும் என்று ரஷ்ய எழுத்தாளர் சோல்ஷெனிட்சின் 1990இலேயே எழுதியிருந்தார். சோவியத் முடிவில் அந்த ஊரில் கஜாக்குகள் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. இன்று அஸ்தானாவில் நான்கில் மூன்று பங்குக்கு மேல். இது பெரிய வெற்றிதான். ஆனால் நகரத்தை விட்டு வெளியே வந்தால் கதை மாறுகிறது. தெற்கு இளைஞர்களைப் படிப்புக்கும் வேலைக்கும் வடக்கே அனுப்பும் திட்டம் 2014 முதல் இருந்தும், பெட்ரோபாவ்ல் தலைமையிடமாக உள்ள வடக்குக் கஜகஸ்தான் மாகாணத்தில் ரஷ்யர்கள் இன்றும் ஏறத்தாழப் பாதி. மாகாணத்தின் மொத்த மக்கள்தொகை சுருங்கிக்கொண்டே போகிறது. தெற்கே துர்கிஸ்தானில் வகுப்பறைகள் போதவில்லை. எண்ணெய்ப் பணமும் தலைநகரமும் கையில் வைத்திருந்த அரசாலேயே ஒரு மாகாணத்தின் இனக் கலவையை விரும்பியபடி மாற்ற முடியவில்லை. வாள்முனையில் மாற்றியது ஸ்டாலின் ஆட்சி மட்டுமே.

கணக்கெடுப்பையே எவ்வளவு நம்பலாம் என்ற கேள்வியும் உண்டு. 2009இல் ஜெர்மானியர்கள் 1,78,000; 2021இல் 2,26,000. உக்ரைனியர்களும் 3,33,000இலிருந்து 3,87,000 ஆனார்கள். வயதேறிய, வெளியேறிக்கொண்டிருக்கும் இரு சமூகங்கள் பன்னிரண்டு ஆண்டுகளில் பிறப்பால் மட்டும் இப்படிப் பெருகியிருக்க முடியாது. இனம் என்ன என்பதை அவரவரே சொல்கிறார்கள். கலப்புக் குடும்பத்தில் பிறந்தவர் ஒரு முறை ரஷ்யர் என்றும் அடுத்த முறை பாட்டனாரின் இனம் என்றும் சொல்லிக்கொள்ள முடியும். ஜெர்மனிக்குப் போகும் வழியும் அதற்கு ஒரு தூண்டுதல். இதற்கு நேர்சான்று என்னிடம் இல்லை. ஆனால் இதைவிடப் பொருத்தமான விளக்கமும் தெரியவில்லை. அப்படியானால் ரஷ்யர்களின் சரிவில் ஒரு சிறு பகுதி பெயர்மாற்றம். தசமப் புள்ளி வரை இந்தச் சதவீதங்களை நம்பிச் சண்டையிடுவது வீண்.

மிஞ்சியிருப்பது அரசின் இணக்கப் பாட்டு. என் மதிப்பீட்டில் மூன்றிலும் இதுதான் பலவீனமானது. 1995இல் அமைந்த கஜகஸ்தான் மக்கள் பேரவை விழாக்களில் எல்லா இனத்தவரையும் அவரவர் உடையில் மேடையேற்றியது. நாடாளுமன்றக் கீழவையில் ஒன்பது இடங்களும் அதற்கு இருந்தன. ஆனால் 2020 பிப்ரவரியில் கோர்தாய் மாவட்டத்து மசான்ச்சி ஊரிலும் சுற்றிலும் கஜாக்குகளுக்கும் டுங்கன் என்ற முஸ்லிம் சிறுபான்மையினருக்கும் மோதல் மூண்டு, டுங்கன்களின் வீடுகள் எரிந்து 11 பேர் உயிரிழந்தபோது, ஆயிரக்கணக்கானோர் எல்லை தாண்டிக் கிர்கிஸ்தானுக்கு ஓடினார்கள். அந்த மோதலை முன்கூட்டி உணரவோ தணிக்கவோ பேரவைக்கு அதிகாரமும் இல்லை, ஊர்மட்டத்தில் வேரும் இல்லை. 2022 சீர்திருத்தத்தில் கீழவை இடங்கள் நீக்கப்பட்டு, மேலவையில் ஐந்து இடங்களுக்குப் பெயர் பரிந்துரைக்கும் உரிமை மட்டும் மிஞ்சியது. நியமிப்பவர் குடியரசுத் தலைவராகவே இருந்தார்.

ஆக என் முடிவு இது. ஸ்டாலின் காலத்தில் நடந்தது அரசு வன்முறையால் ஆன இனக் கலவை மாற்றம். அந்தச் சொல்லை அந்தக் காலத்துக்கே வைத்துக்கொள்ள வேண்டும். 1991க்குப் பிந்தைய மாற்றத்தின் பெரும்பகுதி பிறப்பும் புலம்பெயர்வும் செய்தது. அதை விரட்டல் என்பது பொய்; அரசின் மீட்பு என்பது மிகை. இன்றைய அரசு குற்றவாளிக் கூண்டில் ஏற வேண்டியது எழுபது சதவீதத்துக்காக அல்ல. மீதி முப்பது சதவீதத்தினரில் ஒரு சமூகமான டுங்கன்களின் ஊர்கள் எரிந்தபோது அவர்கள் சார்பில் பேசும் அதிகாரம் யாருக்கும் தராமல் வைத்திருந்ததற்காகத்தான்.