முகமூடியும் பிரதியும்

அமெரிக்காவில் 1984இல் செமிகண்டக்டர் சிப்களுக்கென்று ஒரு சட்டம் வந்தது. அது காப்பாற்ற எடுத்துக்கொண்ட பொருளுக்கு இட்ட பெயர் 'மாஸ்க் வொர்க்'. 'முகமூடி வேலை' என்று மொழிபெயர்த்துச் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஜப்பானிய நோ நாடகம் பற்றிப் படித்துக்கொண்டிருந்த சமயமாதலால் முடியவில்லை.

சிலிக்கான் தகட்டில் ஒளி விழவேண்டிய இடம், விழக்கூடாத இடம் இரண்டையும் தீர்மானிப்பது சிப் தொழிலின் மாஸ்க். அடுக்குக்கு ஒன்றாகப் பல உண்டு. சட்டம் காப்பது மாஸ்க் என்ற அந்தத் தகட்டையல்ல, சிப்பின் அடுக்குகளில் பதிந்த உருவங்களின் தொடரை, 10 வருஷத்துக்கு. நோ முகமூடியும் ஒளியின் காரியந்தான். மரத்தில் செதுக்கிய அசையாத முகம். நடிகன் சற்றே நிமிர்த்தினால் மலர்கிறது, தாழ்த்தினால் இருள்கிறது. உணர்ச்சியை மரத்தில் மட்டும் தேடுவது வீண்.

பிரதி என்று வரும்போதுதான் இரண்டும் பிரிகின்றன. பழைய நோ முகமூடியைப் பார்த்துப் புதிது செதுக்குவதற்கு 'உத்ஸுஷி' என்று பெயர். மூலத்தின் கீறல், உதிர்ந்த வர்ணம் எல்லாவற்றையும் சேர்த்தே பிரதி செய்வார்கள். அங்கே அது பக்தி, பயிற்சியுங்கூட. சிப்பில் அதே காரியம் களவுக்குச் சாட்சி. மூலத்தின் பிழை பிரதியிலும் கிடந்தால் வேறு விளக்கம் சொல்வது கஷ்டம். ஆனால் பிறர் சிப்பைப் பிரித்துப் பார்த்துக் கற்பதையும், கற்றதைத் தன் சொந்த வரைவில் சேர்ப்பதையும் சட்டம் அனுமதிக்கிறது. புரூக்ட்ரீ தொடுத்த வழக்கில் ஏ.எம்.டி. தன் முயற்சிகளின் காகிதங்களையெல்லாம் காட்டி வாதாடியது. கடைசியில் புரூக்ட்ரீயின் 10 டிரான்சிஸ்டர் அமைப்பே அதன் சிப்பிலும் இருந்தது. 1992இல் மேல்முறையீட்டிலும் தோற்றது. உழைத்ததாகக் காட்டினால் மட்டும் போதவில்லை.

வங்கியில் செக் கையெழுத்தை மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிடுவது என் வேலையில் ஒரு பகுதி. இழை பிசகாமல் ஒத்துப்போகும் கையெழுத்தைத்தான் முதலில் சந்தேகிப்பேன். எவரும் இரண்டு தடவை ஒரே மாதிரி போடுவதில்லை. இந்தப் புத்தியோடுதான் கவிதையும் படிக்கிறேன் போலிருக்கிறது.

இரண்டு வருஷம் முன்பு ஓர் இளங்கவிஞரின் தொகுப்பை இந்தப் பக்கங்களில் 'நகல்' என்று ஒரே சொல்லில் முடித்தேன். ஆங்கில வழியாக வந்த ஐரோப்பியக் கவிதைகளின் வாடை அதில் இருந்தது வாஸ்தவம். அதன்பின் அவர் எந்தப் பத்திரிகைக்கும் எதுவும் அனுப்பியதாகத் தெரியவில்லை. போன வாரம் தொகுப்பை மறுபடி எடுத்தேன். மூன்று கவிதைகளில் ஆங்கில மொழிபெயர்ப்பாளரின் தடுமாற்றங்கூட அப்படியே இறங்கியிருக்கிறது. மூலக் கவிஞனின் பிழையென்றாலும் பக்தி என்று விட்டிருக்கலாம். இவற்றைப் பற்றி என் அபிப்பிராயம் மாறவில்லை. மற்றவற்றில் அவர் பிரித்துப் பார்த்திருக்கிறார். அந்நிய வரி எங்கே, எதற்காக முறிகிறது என்று கண்டுகொண்டு, தன் தெருப்பேச்சை அதேபோல் முறித்துப் பார்த்திருக்கிறார். சில இடங்களில் பிசகியும் இருக்கிறது. அந்தப் பிசகு அவருடையது. அதை நான் அன்று பார்க்கவில்லை.

அவருக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன், அடித்தல் திருத்தலோடு பழைய நோட்டு ஏதும் இருந்தால் பார்க்கக் கிடைக்குமா என்று கேட்டு.