மேலே பூசுவதும் கீழே தைப்பதும்

ஆம்பூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம் என் பழைய கறுப்பு ஷூவை நீட்டினேன். அவர் அதன் மேல்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. கவிழ்த்தார், குதிகாலைக் கட்டைவிரலால் அமுக்கினார், ஓரத்தில் ஓடும் தையலை நகத்தால் நெருடினார். பிறகு உள்ளே கையை விட்டு, பாதம் படும் தோலை விரல் நுனியால் தடவிக்கொண்டே போனார். விரல்கள் மடங்கும் இடத்தில் விழுந்திருந்த வெடிப்புகளை நான் காட்டக் காட்ட, அவர் கண்டுகொள்ளவில்லை. “மேல இன்னா பாக்குற தம்பி? உள்ள நல்லாத்தான் கீது. இன்னும் ரெண்டு சோல் தாங்கும்” என்றார்.

அதற்கு ஆறு மாதம் முன்பு அதே ஷூவைப் பெருநகரம் ஒன்றில், பழைய தோல்பொருட்களைப் புதுப்பித்துத் தரும் கடையில் கொடுத்திருந்தேன். அங்கே மேல்பக்கத்தை மட்டும்தான் பார்த்தார்கள். கரைப்பானில் நனைத்த பஞ்சால் பழைய மெருகைத் துடைத்தெடுத்து, வெடிப்புகளில் பசை போன்ற ஒன்றை அடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, வண்ணம் ஏற்றி, அதன்மேல் பளபளப்புப் பூச்சும் கொடுத்திருந்தார்கள். திரும்ப வாங்கியபோது அன்றைக்குத்தான் பெட்டி பிரித்தது போலிருந்தது. மூன்றாம் மாதம், மடிப்பு விழும் இடத்தில் அந்த வண்ணம் ஆறிய புண்ணின் பொருக்கு மாதிரி எழும்பியது. உரித்தால் அடியில் பழைய வெடிப்பு, முன்பைவிட ஆழமாக.

இரண்டு வேலைக்கும் ‘புதுப்பித்தல்’ என்ற ஒரே சொல்லை வைத்திருக்கிறோம். அங்கேதான் குழப்பம் தொடங்குகிறது. அடிப்பக்கத்தில் நடப்பது ஷூவின் ஆயுளைக் கூட்டுகிற வேலை. மேல்பக்கத்தில் நடப்பது, பெரும்பாலான நேரங்களில், ஆயுள் குறைந்துவிட்டதை மறைக்கிற வேலை.

இந்த வேறுபாடு தோல் தொழிலில் ஊறிய வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பகுதிக்குப் புதிதில்லை. இங்குள்ள தோல் ஷாப்புகள் பல தலைமுறைகளாக ஆவாரம் பட்டையாலும் கடுக்காயாலும் பதனிட்ட தோலைப் பாதிப் பக்குவத்திலேயே கப்பலேற்றின. உலகச் சந்தையில் அதற்கு ‘ஈ.ஐ. தோல்’ என்று பெயர். கிழக்கிந்தியா என்பதன் சுருக்கம். இன்று அதற்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. வாங்கியவர் அதைத் திரும்ப ஊறவைத்து, ஏறியிருந்த துவர்ப்பை இறக்கி, தனக்கு வேண்டிய பதத்தையும் நிறத்தையும் ஏற்றிக்கொள்ளலாம். இப்படி மீண்டும் மாற்ற இடம் கொடுத்ததால்தான் அந்தத் தோலுக்கு அவ்வளவு மதிப்பு. கடைசிப் பூச்சு கடல் கடந்து நடந்தது. சீதாராமையா குழுவின் பரிந்துரைக்குப் பின் 1973 முதல் மத்திய அரசு பாதிப் பதனிட்ட தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தவே, ‘ஃபினிஷிங்’ இந்தப் பகுதியில் பெருமளவில் காலூன்றியது.

ஃபினிஷிங் பிரிவில் வேலை பார்த்தவர்களிடம் பேசினால் ஒன்று புரியும். மாட்டின் தோலில் உண்ணி கடித்த தழும்பு இருக்கும், முள்வேலி கிழித்த கோடு இருக்கும், சூடு போட்ட அடையாளம் இருக்கும். சுத்தமான தோலுக்கு மெல்லிய சாயம் போதும். அதன் மயிர்த்துளைகள்கூடத் தெரியும். பழுதுள்ள தோலை பஃபிங் இயந்திரத்தில் தேய்த்து, பிக்மெண்ட் அடித்து, சூடான தகட்டால் அழுத்திப் பொய்யாக ஒரு முகப்பை உண்டாக்குவார்கள். ‘கரெக்டட் கிரெயின்’ என்பது அதுதான். இதில் தப்பில்லை. இல்லாவிட்டால் அந்தத் தோல் வீணாகும். ஆனால் பூச்சு எவ்வளவு தடிமனோ அவ்வளவுக்கு அடியில் பழுது இருக்கிறது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும், விலையும் அதற்கேற்பத்தான். புதுப்பிக்கும் கடை பழைய ஷூவுக்குச் செய்வதும் இதே வித்தைதான். விலைதான் தலைகீழ்: அங்கே பூச்சு தடிக்கத் தடிக்கக் கூலியும் ஏறுகிறது.

மேல்பூச்சு ஏன் நிற்பதில்லை? தோல் என்பது நார்களின் பின்னல். பதனிட்டபின் அந்த நார்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு மடிவதற்காக எண்ணெய் ஏற்றுகிறார்கள். வெயிலில் காயவைப்பதாலும், நனைந்த ஷூவை அடுப்படியில் உலர்த்துவதாலும், வருடக்கணக்கில் துடைக்காமல் விடுவதாலும் அந்த எண்ணெய் போய்விடுகிறது. நார்கள் ஒன்றோடொன்று உரசி, மேலடுக்கில் முதலில் அறுகின்றன. அறுந்த நார் திரும்ப ஒட்டாது. உயிருள்ள தோலில் காயம் ஆறும். பதனிட்ட தோலில் ஆற எதுவுமில்லை. ஒரு நாளைக்கு ஐயாயிரம் அடி நடப்பவரின் ஒவ்வொரு ஷூவும் 2,500 முறை அதே இடத்தில் மடிகிறது. வருடத்துக்கு ஒன்பது லட்சத்துக்கும் மேல். அறுந்த நாருக்கு நடுவே அடைத்த பிசின் தோலோடு ஒத்து மடிவதில்லை. ஓரம் விடுகிறது, விட்ட ஓரத்தில் தண்ணீர் இறங்குகிறது. என் ஷூவில் நடந்தது அதுதான்.

அதற்காக மேல்வேலை முழுக்க வீண் என்று சொல்லிவிட முடியாது. மெழுகுப் பாலிஷ், எண்ணெய்ப் பூச்சு, உரசிப் போன முனையில் கொஞ்சம் சாயம் எல்லாமே பலனுள்ளவை. நாளைக்கு வேண்டாமென்றால் துடைத்து எடுக்கவோ, அதன்மேல் இன்னொன்றைத் தடவவோ முடிகிறவை. பிக்மெண்ட் அடித்த ஷூவுக்கு மறுபடி பிக்மெண்ட் அடிப்பதையும் நான் குறை சொல்லமாட்டேன்; கம்பெனியிலிருந்து வரும்போதே அதன் முகம் பூச்சுதான். கடையில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் கறுப்பு ஷூக்களில் பெரும்பகுதி அந்த ரகம். என் குறை, சுத்தமான முழுமுகத் தோலின்மேல் கெட்டிப் பூச்சை ஏற்றுவதில்தான். அதைத் திரும்ப எடுக்க வேண்டுமானால் தோலின் மேலடுக்கையும் சேர்த்தே தேய்க்க வேண்டும்.

பழைய கோல்ஃப் பட்டர்களைப் புதுப்பிப்பவர்களிடமும் இதே சண்டை இருக்கிறது. கார்ஸ்டன் சோல்ஹைம் 1966இல் கொண்டுவந்த பிங் ஆன்சர் என்ற பட்டர் மாங்கனீஸ் வெண்கலத்தில் வார்த்தது. வருடம் ஆக ஆகக் கருத்து ஒரு நிறம் ஏறும். பந்தை உருட்டும் அந்த மட்டையின் தலையில் விழுந்த நசுங்கல்களை அரம் போட்டு எடுத்தால் நசுங்கலோடு உலோகமும் போகிறது, எடை போகிறது, ஆடுபவரின் கைக்குப் பழகிய கனம் மாறுகிறது. கைப்பிடியை மாற்றினால் எதுவும் போவதில்லை. ஷூவின் சோல் அந்தக் கைப்பிடி போன்றது. தேய்வதற்கென்றே வைத்த பாகம்.

அடிவேலையைப் பற்றி நான் உயர்வாகச் சொல்வதற்கு இதுவே காரணம். குட்இயர் வெல்ட் முறையில் தைத்த ஷூவில், மேல்தோலையும் உள்மிதியின் விளிம்பையும் சேர்த்து ஓரமாக ஒரு தோல் பட்டை ஓடும், அதுதான் வெல்ட். சோலை அந்த வெல்ட்டோடுதான் தைக்கிறார்கள், மேல்தோலோடு இல்லை. ஆகவே சோல் தேய்ந்தால் வெளித்தையலைப் பிரித்து, நடுவில் நொறுங்கிப்போன கார்க்கை வழித்தெடுத்து, புதுச் சோலை வைத்துத் தைத்துவிடலாம். மேல்தோலுக்கு எதுவும் தெரியாது. அமெரிக்காவில் லைமன் பிளேக் 1858இல் காப்புரிமை பெற்ற பிளேக் தையலில் சோலும் உள்மிதியும் ஒரே தையலில் பிடிபட்டிருக்கும். அதையும் மாற்றலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் உள்மிதியில் ஊசி ஏறும். வெறும் பசையில் ஒட்டிய ஷூவில் சோலைப் பிரிக்கும்போதெல்லாம் மேல்தோலின் அடி விளிம்பைச் சுரண்ட வேண்டும். இரண்டாவது முறை சுரண்ட அங்கே தோல் மிச்சமிருக்காது.

அடிவேலையின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். குட்இயர் வெல்ட் என்ற பெயரைக் கேட்டதும் நூறு வருடம் உழைக்கும் என்று நம்புகிறார்கள். இயந்திரத்தில் தைக்கும் ஷூவில் தையலைத் தாங்கும் விளிம்பு பெரும்பாலும் உள்மிதியிலேயே செதுக்கியதில்லை. துணி நாடா ஒன்றை ஒட்டி வைத்திருப்பார்கள். அந்தப் பசை விட்டால் முழு அமைப்பும் ஆடும். பெரியவர் உள்ளே கையை விட்டுத் தேடியதும் அதைத்தான். அடுத்தது லாஸ்ட். ஒவ்வொரு மாடலுக்கும் ஷூ கம்பெனியில் அதற்கென்றே ஓர் அச்சு இருக்கும். அதன்மேல் இழுத்துத்தான் தோலுக்கு வடிவம் வருகிறது. தெருவோரத்தில் இருப்பது ஒரு இரும்புக் கால் மட்டும். எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும், அச்சில்லாமல் சோல் மாற்றிய ஷூ இடுப்பில் கொஞ்சம் அகன்றுபோகும், முனை கொஞ்சம் தூக்கும்.

இதெல்லாம் தோல் சோலுக்கும் ரப்பர் சோலுக்கும். பாலியூரித்தேன் சோலின் கதை தனி. கல்யாணத்துக்கு வாங்கி ஒரே நாள் போட்டு, பெட்டியில் பத்திரமாக வைத்த ஷூ ஏழெட்டு வருடம் கழித்து எடுக்கும்போது அடி மட்டும் ஊறிப்போன பிஸ்கட் மாதிரி உதிர்வதைப் பலர் பார்த்திருப்பீர்கள். நம் காற்றின் ஈரம் அந்தப் பொருளை மெல்ல மெல்ல அறுத்துவிடுகிறது. போடாமல் வைத்தாலும் உதிரும். மேல்தோலில் ஒரு கீறல்கூட இல்லாத அந்த ஷூவைக் குப்பையில் போடுகிறோம்.

போட்டுவிட்டுப் புதிது வாங்குவதற்கு இந்தப் பகுதி என்ன விலை கொடுத்தது? வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தந்த தீர்ப்பு அதைப் பதிவு செய்திருக்கிறது: ஒரு கிலோ தோலைப் பக்குவப்படுத்தச் சுமார் 35 லிட்டர் தண்ணீர், கழிவால் முழுதாகவோ பகுதியாகவோ பயிருக்கு உதவாமல் போன நிலம் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர். 2015 ஜனவரி 31 விடியலில் ராணிப்பேட்டையில் தோல் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத் தொட்டிச் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்படப் பத்துப் பேர் செத்தார்கள். இந்த மண்ணில் பிறந்த ஒருவருக்கு ஒரு ஜோடி ஷூ இன்னும் நான்கு வருடம் உழைப்பது வெறும் சிக்கனக் கணக்கில்லை. பாலாற்றங்கரைக் கிணற்றுத் தண்ணீரின் கணக்கு.

ஆனால் அந்தக் கணக்கு ஷூ மறுபடி தெருவில் நடந்தால்தான் பொருந்தும். பூச்சடித்து, படமெடுத்து, கண்ணாடி அலமாரியில் வைத்த ஷூவால் ஒரு செம்புத் தண்ணீரும் மிச்சமாவதில்லை. மூன்று மாதத்தில் பொருக்குதிர்ந்தால், கரைப்பானும் வண்ணமும் கூடுதல் செலவு. இன்னொரு பக்கமும் இருக்கிறது. காலையில் ஷூ கம்பெனி பஸ்ஸுக்காகச் சுற்றுவட்டார கிராமங்களில் நிற்கும் பெண்களுக்குப் புது ஷூவின் ஆர்டர்தான் சோறு. பழையதையே எல்லோரும் போடட்டும் என்று சுலபமாகச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. சோல் மாற்றுவதும் தையல் வேலைதான், அதுவும் கைத்திறன் வேண்டிய வேலைதான். அந்தப் பெண்களின் கைக்கு அது வந்து சேர வழி செய்யலாம் என்றுதான் சொல்வேன். லாஸ்ட் கம்பெனியில் இருக்கிறது, தையல் இயந்திரம் இருக்கிறது, தோல் இருக்கிறது. பழுதுநீக்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் குழு அமைத்தபோது எடுத்துக்கொண்ட துறைகள் நான்கு: விவசாயக் கருவிகள், கைபேசி போன்ற மின்னணுப் பொருட்கள், வீட்டு உபயோகச் சாதனங்கள், வாகனங்கள். தினமும் காலில் தேய்கிற பொருள் அதில் இல்லை. இந்தப் பகுதியின் தொழிற்சங்கங்களும் ஏற்றுமதியாளர்களும் கேட்டு வாங்க வேண்டிய இடம் அது.

கூலியைப் பற்றிப் பேசாமல் இந்த விஷயத்தை முடிக்க எனக்கு விருப்பமில்லை. பெருநகரக் கடையில் நான் கொடுத்த பணத்தில் ஐந்தில் ஒரு பங்குகூடப் பெரியவர் கேட்கவில்லை. அங்கே குளிரூட்டிய அறை, கையுறை, முகமூடி. இங்கே திறந்த டப்பா சொல்யூஷன், அதன் கரைப்பான் வாசம் நாள் முழுக்க அவர் மூக்குக்கு நேரே. ஒரே வேலையை ஒரு இடத்தில் கலை என்கிறோம். இன்னொரு இடத்தில், செய்பவரின் சாதியை மனதில் வைத்துக்கொண்டு, பேரம் பேசுகிறோம். அவர் விரல் நுனியால் உள்மிதியைத் தடவிச் சொன்ன தீர்ப்பு, எந்தத் தொழில்நுட்பப் பட்டதாரியும் ஒப்புக்கொள்ளும் தீர்ப்பு. அதற்கு அவர் தனியாக ஒரு பைசா வாங்கவில்லை. வாங்கியிருக்க வேண்டும். நான் கொடுத்திருக்கவும் வேண்டும். இரண்டாவது முறை போனபோதுதான் கொடுத்தேன்.

அன்றைக்கு அவர் வேலை செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பழைய நூலை ஒவ்வொரு கண்ணியாக அறுத்துச் சோலை உரித்தார். உள்ளே கார்க் கறுத்து, என் பாதத்தின் பள்ளத்தை அப்படியே வாங்கி வைத்திருந்தது. வழித்துப் போட்டார். புதுச் சோலைத் தண்ணீரில் நனைத்து, பதம் வந்ததும் வைத்து, குத்தூசியை எடுத்தார். வெல்ட்டில் ஏற்கெனவே இருக்கும் துளைகளிலேயே ஊசி போக வேண்டும். பக்கத்தில் புதிதாகக் குத்தினால் இரண்டே தடவையில் வெல்ட் சல்லடையாகிவிடும். ஒவ்வொரு துளையாக ஊசி முனையால் தேடித் தேடிப் போனார். சுண்டுவிரல் பக்கம் ஏழு துளைகள் கிழிந்து ஒன்றாகியிருந்தன. அந்த இடத்துக்கு மட்டும் ஒரு சிறு தோல் துண்டை வெட்டி, ஓரத்தைச் சீவி, உள்ளே கொடுத்துத் தைத்தார். மேலே வெடிப்பில் நல்லெண்ணெய் மாதிரி ஏதாவது தடவட்டுமா என்று கேட்டேன். “வேணாம், தூசி ஒட்டும். மெழுகு மட்டும் போடு” என்று சொல்லிவிட்டு, அடுத்த காலை எடுத்துக் கவிழ்த்தார்.